பன்னிரண்டு புள்ளிகள்

சிந்தாதிரிப்பேட்டைச் சந்துக்குள் கடை.
இடப்பக்கம் கல்யாணப் பத்திரிகை,
வலப்பக்கம் பரிசுக் கோப்பைக்குப் பேர் பொறிக்கிறவர்.
நடுவில் நானும், நூறு வாட் லேசர் குழாயும்,
குழாய்க்குக் காய்ச்சல் வராமல்
ராவும் பகலும் ஓடும் தண்ணீர் மோட்டாரும்.

ஓட்டல்காரர்கள்தான் அதிகம்.
வாழையிலை வடிவத்தில் மெனு கேட்பார்கள்.
கழிவறைக் கதவுக்கு மீசை ஒன்று, பொட்டு ஒன்று.
கல்லாவுக்குப் பின்னால் விளக்கெரியும் பிள்ளையார்.
ஒருத்தர் இட்லிக்கு மேல் ஆவி கேட்டார்.
அதையும் வெட்டினேன்,
மூன்று வளைவு, வெள்ளை அக்ரிலிக்.

பிலோமினா வந்தது ஆடி மாதம்.
காசிமேட்டில் மெஸ் போடப்போகிறாள்.
மெஷினருகே நின்று மூக்கை உறிஞ்சினாள்:
"சக்கரை தீயுற வாசனை வருதே,
உள்ளே என்னத்தைக் கிண்டுறே?"
என் தலைமுடியில் தீய்ந்த பலகை.
அவள் முந்தானையில் வவ்வால் மீன்.
இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

"மெனு கார்டு வேணாம். கொக்கி வெச்சுக் குடு.
பதினோரு கொக்கி, பதினோரு மீனு.
விடிகாலை எது வந்துச்சோ அது தொங்கும்."

எம்டிஎஃப் மலிவு என்றான் கூட வந்த தம்பி.
உப்புக் காத்துக்கு உப்பிடும் என்றேன்.
மரைன் பிளை என்று முடிவானது.

கம்ப்யூட்டரில் கானாங்கெளுத்தி என்று அடித்தேன்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"யாருடி அது? காணாங்கத்தைன்னு போடு.
பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும்ல."

விலை?
"அதை வெட்டாதே. சாக்பீஸுக்கு எடம் விடு.
டீசல் ஏறும், காத்து மாறும்,
ஒவ்வொரு தபாவும் உங்கிட்ட ஓடிவர முடியுமா?"

'இன்று இல்லை' என்று ஒரு பலகை வெட்டித் தரவா?
அவள் முகம் சுருங்கிப்போனது.
"சோறு போடுற எடத்துல இல்லைன்னு எழுதுவாங்களா?
வெறுங்கொக்கி போதும்.
கண்ணு இருக்கிறவன் பாத்துக்குவான்."

கறுப்பு அக்ரிலிக், மூன்று மில்லி.
ராத்திரி பத்து மணிக்குமேல் வெட்ட ஆரம்பித்தேன்.
இங்கிலீஷ் பேர்ப்பலகை சுலபம்,
சின்ன ஐ, சின்ன ஜே, அதோடு சரி.
தமிழுக்கு வழியெல்லாம் புள்ளி.
வஞ்சிரத்துக்கு இரண்டு, வவ்வாலுக்கு இரண்டு,
காணாங்கத்தைக்கும் இரண்டு.
சங்கரா, நெத்திலி, கடம்பா, இறால், நண்டு, மத்தி
தலைக்கு ஒன்று.
பாறைக்கும் சுறாவுக்கும் கிடையவே கிடையாது.

எழுத்து தட்டின் மேல் நின்றுவிடும்.
புள்ளி நாலே மில்லி,
தேன்கூட்டுக் கண்ணுக்குள் நழுவிப்
பொட்டென்று அடியில் விழும்,
போன வாரத்து இட்லி ஆவியின் மிச்சத்தோடு.

டார்ச் அடித்துத் தேடினேன்.
பத்துதான் அகப்பட்டன.
இன்னும் இரண்டு வெட்டி ஒட்டி முடித்து,
மெஷினைத் துடைக்கும்போது கிடைத்தன காணாமல்போன இரண்டும்.
காலித் தைல பாட்டிலில் போட்டு வைத்தேன்.

புள்ளி போனால் மெய்க்கு உயிர் வந்துவிடும்
என்று ஏழாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
எழுத்துக்கு வரும்.
மீனுக்கு வராது.

சித்திரையில் போன் வந்தது.
விசைப்படகெல்லாம் கரையில்.
அறுபத்தொரு நாள்.
"கருவாடுன்னு ஒண்ணு வெட்டி எடுத்தா."
நாலு நிமிஷ வேலை.
அடித்தட்டில் ஒன்றும் விழவில்லை.

மத்தியானம் எடுத்துப் போனேன்.
பலகையில் நெத்திலியும் நண்டும் மட்டும்,
கட்டுமரத்துக்குக் கிடைத்தவை.
ஒன்பது கொக்கி காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.
மற்றவர்கள் எவர்சில்வர் வாளியில்
ஒருவர்மேல் ஒருவர் படுத்திருந்தார்கள்.
வஞ்சிரத்தின் கொக்கியில் கருவாட்டை மாட்டினாள்.
யாரும் மெனு கேட்கவில்லை,
நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

வாளிக்குள் கைவிட்டு வஞ்சிரத்தை எடுத்தேன்,
என் வேலை எப்படி இருக்கிறதென்று பார்க்க.
'ம்' தலையில் இருந்த புள்ளி
சற்றே பெரியது, உருண்டை, சுருக்கம் விழுந்தது.
நகத்தால் தொட்டேன். மிளகு.

"அது எப்பவோ வுழுந்துபோச்சு.
ஃபெவிக்விக் வெச்சேன், நின்னுக்கிச்சு,"
குழம்புக் கரண்டியோடு சொல்லிவிட்டுப் போனாள்.

என் கைப்பையில் தைல பாட்டில் இருந்தது.
உள்ளே இரண்டு புள்ளிகள்.
திறக்கவில்லை.
சோற்றில் பள்ளம் பறித்தேன்,
அவள் குழம்பை ஊற்றினாள்.